கேட்டுச் சொல்லும் கடமை

(பேச்சுப் பயிற்சி மன்றம் ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பேச்சுப் பயிற்சியைப் பற்றிச் சிறிது நேரம் உரையாற்றுக என்று மன்றத்தின் செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது, மேடையில் நிற்பவருக்கு வேண்டிய குரல்வளத்தையும் சொல்வளத்தையும் நான் விரித்துரைப்பேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவற்றைக் கற்பிக்கும் நூல்கள் பல உள்ளன. ஆசிரியர்களும் பலர் உள்ளனர். ஆதலால் அவ்விஷயங்களை அவர்களிடமே விட்டுவிட்டு, இம்மன்றத்தின் ஒவ்வொரு கூட்டத்திலும் பிற்பகுதியில், வந்தவர்களிற் சிலர் கைக்கடிகாரத்தை நோக்கத் தொடங்கும் வேளையில் நடைபெறுகின்ற ஒரு காரியத்தை, அதாவது ஒருவர் பேசியதைக் கேட்டிருந்த மற்றொருவர் எழுந்து நின்று, அப்பேச்சின் குணத்தையும் குறையையும் சபையறியச் சில நிமிஷங்களில் எடுத்துரைக்கும் மதிப்புரையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். மன்றத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

இந்நூலகத்தின் மாடிக்கு இன்று முதன்முறையாக வந்திருக்கும் விருந்தினர்களுக்காகக் கூட்டத்தின் நடைமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். குறித்த நேரத்துக்குத் தொடங்கிக் குறித்த நேரத்துக்கு முடிப்பது இங்கே முதல் விதி. அன்றைய நிகழ்ச்சியை நடத்துபவர் சென்ற கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்திருந்தவராக இருக்கலாம். அடுத்த கூட்டத்தில் வாயிலில் நின்று விருந்தினரை வரவேற்பவராக இருக்கலாம். ஏனெனில் பொறுப்புகள் யாவும் முறைவைத்து மாறிவருகின்றன. முன்னரே ஆயத்தம் செய்துகொண்டு வந்த இருவரோ மூவரோ 5 முதல் 7 நிமிஷம்வரை பேசுகின்றனர். அதன்பின் விஷயம் இன்னதென்று முன்கூட்டி அறியாத சிலர், அழைத்தவுடனே எழுந்து, கொடுத்த பொருளைப் பற்றி 1 நிமிஷத்துக்குக் குறையாமலும் 2 நிமிஷத்துக்கு மிகாமலும் பேசுகின்றனர். நேரக்காப்பாளர் ஒருவர் பச்சை, மஞ்சள், சிவப்பு என்னும் மூன்று அட்டைகளோடு எதிரே அமர்ந்திருக்கிறார். ஆயத்தப் பேச்சில் 5 நிமிஷம் ஆனதும் பச்சையையும், 6 ஆனதும் மஞ்சளையும், 7 ஆனதும் சிவப்பையும் உயர்த்திக் காட்டுவது அவர் கடமை. எவ்வளவு பெரியவர் பேசினாலும் அட்டை உயரும். மற்றொருவர் மொழியைக் கவனிக்கிறார். நல்ல பிரயோகங்களையும், ஒருமையில் தொடங்கிப் பன்மையில் முடிந்த வாக்கியங்களையும், ழகரம் ளகரமாகத் தேய்ந்த இடங்களையும் குறித்துக்கொள்கிறார். இன்னொருவர் நம்மை அறியாமலே நம் வாயில் வந்து விழுகின்ற ‘வந்து’, ‘அதாவது’, ‘ஆக’ முதலிய வெற்றுச் சொற்களை எண்ணுகிறார். இவையெல்லாம் முடிந்தபின் மதிப்பீட்டாளர்கள் எழுகின்றனர். பேச்சாளர் ஒவ்வொருவருக்கும் ஒருவராக, 2 முதல் 3 நிமிஷத்துக்குள் தாம் கேட்டதைச் சொல்லுகின்றனர். அவர்களுக்குப் பின், பொது மதிப்பீட்டாளர் என்று ஒருவர் எழுந்து, கூட்டம் நடந்த முறையையும், மதிப்பீட்டாளர்கள் மதிப்பிட்ட முறையையும் சேர்த்து மதிப்பிடுகிறார். பிறர் குறையைச் சொன்னவர் தம் குறையையும் அதே மாலையில் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகமுடியும் என்னும் இந்த ஏற்பாட்டை வகுத்தவர்களின் விவேகத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இம்முறை நம் ஊரில் தோன்றியதன்று. அமெரிக்க தேசத்தின் இல்லினாய் மாநிலத்தில், புளூமிங்டன் என்னும் நகரில், ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் கல்விப் பகுதியைக் கவனித்துவந்த ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர், அங்கு வரும் இளைஞர்கள் உடலுழைப்பிலும் தொழிலிலும் தேர்ந்தவர்களாயினும், நாலு பேர் முன்னிலையில் எழுந்து ஒரு கருத்தைச் சொல்லவோ, ஒரு சிறு கூட்டத்தைத் தலைமை தாங்கி நடத்தவோ தெரியாமல் தயங்குவதைக் கண்டு, 1905இல் அவர்களுக்காக ஒரு பயிற்சிக் குழுவை ஏற்படுத்தினார். பின்னர் அவர் வேறு ஊர்களுக்கு மாற்றப்பட்டார். சென்ற ஊர்களிலும் அத்தகைய குழுக்களை அமைத்தார். அவர் ஓர் ஊரை விட்டு நீங்கியதும் அவ்வூர்க் குழு நாளடைவில் கலைந்துபோயிற்று. கலிபோர்னியாவிலுள்ள சாந்தா அனா நகரில், சங்கக் கட்டடத்தின் நிலவறையில், 1924ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் கூடிய குழுதான் கலையாமல் நின்றது. ‘டோஸ்ட்மாஸ்டர்ஸ்’ என்னும் பெயரோடு அது அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் பரவி, 1930இல் கனடாவின் நியூ வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு கிளை கண்டு, 1932இல் முறைப்படி பதிவுபெற்ற ஸ்தாபனமாயிற்று. பெண்களை உறுப்பினராக ஏற்பதற்கு 1973ஆம் ஆண்டுவரை அது தாமதித்தது. அரை நூற்றாண்டுக் காலம் மனித குலத்தின் பாதிக் குரலைக் கேளாதிருந்த அந்தக் குறையை நான் மறைக்க விரும்பவில்லை. இன்று ஏறத்தாழ 150 நாடுகளில் அதன் மன்றங்கள் உள்ளன. நம்முடைய மன்றத்தைப்போல அதன் முறையைத் தழுவித் தாய்மொழியில் இயங்குவனவும் உள்ளன.

முதலில் அமைத்த குழுக்கள் கலைந்தமைக்கும், பிந்தியது நிலைத்தமைக்கும் காரணம் என்னவென்று நான் சிந்தித்ததுண்டு. ஊக்கமிக்க ஓர் ஆசிரியரை நம்பி நடக்கும் பயிற்சி, அவர் போனதும் போய்விடுகிறது. ஒருவரை ஒருவர் கேட்டு, ஒருவருக்கு ஒருவர் சொல்லிப் பழகிய கூட்டமோ, தனக்குத்தானே ஆசிரியனாகிவிடுகிறது. ஒரு நகரத்தில் தொடங்கியது உலகெங்கும் பரவியதற்கு மூலகாரணம், உறுப்பினரே உறுப்பினர்க்குக் கூறும் அந்த மதிப்புரைதான் என்று நான் கருதுகிறேன்.

தமிழர்களாகிய நமக்கு இது புதிய விஷயமா என்று கேட்டால், இல்லை என்றே சொல்லவேண்டும். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார், அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் என்னும் பேராசிரியருக்குக் குற்றமறத் தெரிவிக்கப்பட்ட செய்தியைக் கூறுகிறார். அந்த ஆசிரியர் எழுப்பிய கடாக்களுக்கெல்லாம் தொல்காப்பியனார் விடை கூறினார் என்று நச்சினார்க்கினியரின் உரை விரித்துரைக்கிறது. நூலாசிரியன் பெயரோடு, அந்நூலைக் கேட்டு வினாவியவன் பெயரையும் சேர்த்துப் பாயிரத்திலே பொறித்து வைத்த ஒரு சமூகம், கேட்பவனுடைய ஸ்தானத்தை எவ்வளவு உயர்வாக எண்ணியிருக்கவேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். அரங்கேற்றம் என்பதே அதுதான். அவை கேட்டு, ஐயம் எழுப்பி, விடைபெற்று, பின்னர் ஒப்புக்கொள்ளும்வரையில் நூல் நூலாகாது என்னும் கொள்கை அது.

மேடைப் பிரசங்கம் என்னும் இக்காலத்து முறை நம்மிடையே வேரூன்றிய வரலாறு வேறு. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர், மெதடிஸ்த பாதிரிமாரோடு பணியாற்றி அவர்களுடைய பிரசங்க முறையை நெருங்கி அறிந்தவர்; 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை மாலையில், வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் செய்த பிரசங்கமே அவ்வகையில் முதன்மையானதாகக் கூறப்படுகிறது. அதன்பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளில், சுதேசி இயக்கத்தின் காலத்தில், தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் பேசக்கேட்டு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் எழுச்சி பெற்றனர், சென்னைக் கடற்கரையின் மணற்பரப்பு ஒரு பெரும் சபையாயிற்று, அதற்குப் பிந்திய ஆண்டுகளில் திரு. வி. க. போன்றோர் தொழிலாளர் கூட்டங்களில் தூய நடையில் முழங்கினர். அந்த மேடை நமக்குச் செய்த உபகாரத்தை யாரும் குறைத்துப் பேசமுடியாது. ஆயினும் கூட்டம் பெருகப் பெருக, ஒலிபெருக்கி வந்து நிலைபெற, பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே தூரமும் பெருகிவிட்டது. ஆயிரம் பேர் அமர்ந்த கூட்டத்தில் கேட்பவன் தன் அபிப்பிராயத்தைத் தெரிவிப்பதற்குக் கரகோஷம் ஒன்றுதான் வழி. அதுவோ, எந்தச் சொல் நெஞ்சில் தைத்தது, எந்த இடத்தில் பொருள் மயங்கிற்று என்று பேச்சாளருக்குச் சொல்லாது. ஆகவே நம் நாட்டில் பேசக் கற்றவர் பலராயினர். பேசியபின் ஒருவரிடம் போய், ‘என் பேச்சு உங்களுக்கு எப்படிப் பட்டது?’ என்று கேட்டு, மெய்யான விடையைப் பெற்றவர் மிகச் சிலரே.

படையலுக்குச் சமைப்பவர்கள் ருசி பார்ப்பதில்லை என்பது நம் வீடுகளில் வழக்கம். உப்பு மிகுந்ததா குறைந்ததா என்பதைப் பிரசாதம் உண்டவர் சொல்லித்தான் அவர்கள் அறியவேண்டும். பேச்சாளனுடைய நிலையும் அதுவே. அவன் பேசிக்கொண்டிருக்கும்போது தன் பேச்சைக் கேட்க அவனால் இயலாது. அடுத்த வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருக்கும் மனத்துக்குச் சொல்லிமுடித்த வாக்கியம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது தெரியாது.

கிரேக்க தேசத்தின் தலைசிறந்த பிரசங்கியாகிய டெமாஸ்தனீஸ், வாயிலே கூழாங்கற்களை இட்டுக்கொண்டு பேசிப் பழகினார் என்னும் கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவருடைய வரலாற்றை எழுதிய புளூட்டார்க் என்பவர் சொல்லும் வேறொரு சம்பவத்தை அறிந்தவர் குறைவு. மக்கள் சபையில் பேசப் போய், சனங்களின் ஆரவாரத்தால் மனமுடைந்து, முகத்தை மூடிக்கொண்டு வீடு திரும்பும் அவரைப் பின்தொடர்ந்து, சாதிரஸ் என்னும் நாடக நடிகர் ஒருவர் வீட்டுக்குள் சென்றார். ‘நான் எவ்வளவு உழைத்தும் சனங்கள் என்னைக் கேளாமல், குடிகாரர்களுக்கும் கல்லாதவர்களுக்கும் செவிசாய்க்கிறார்களே’ என்னும் கருத்துப்பட டெமாஸ்தனீஸ் முறையிட்டார். சாதிரஸ் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை; குறைகளை அடுக்கவும் இல்லை. யூரிபிடீஸ் அல்லது சோபக்ளீஸ் நாடகத்திலிருந்து ஒரு பகுதியை ஒப்பிக்கச் சொன்னார். டெமாஸ்தனீஸ் ஒப்பித்தார். அதே பகுதியைச் சாதிரஸ் எடுத்து, அந்தப் பாத்திரத்துக்குரிய குணமும் நிலையும் தோன்ற மீண்டும் சொல்லிக் காட்டினார். கேட்ட டெமாஸ்தனீஸுக்கு அது முற்றிலும் வேறு பகுதியாகவே தோன்றியதாம். சொல்லுவதற்கு உரிய பொருள் மட்டும் போதாது, சொல்லும் முறையும் சேர்ந்தே பேச்சாகும் என்பதை அவர் அன்றே உணர்ந்து, நிலவறையில் ஓர் அப்பியாச அறை கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உழைத்தார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். கூழாங்கற்களை நினைவில் வைத்திருக்கும் உலகம் சாதிரஸை மறந்துவிட்டது. அந்த நண்பர் அன்று அவரைப் பின்தொடர்ந்து போகாமல் தம் வீட்டுக்குத் திரும்பியிருந்தால், டெமாஸ்தனீஸின் உழைப்பு எந்தத் திக்கில் சென்றிருக்கும் என்பதை யாரால் கூறமுடியும்?

சாதிரஸ் செய்த காரியத்தில் உயர்ந்த மதிப்புரைக்குரிய லட்சணங்கள் யாவும் அடங்கியிருக்கின்றன. அவர் முதலில் முழுவதும் கேட்டார். பின்னர், திருந்துவதற்கு உரிய ஒரேயொரு விஷயத்தைத் தேர்ந்தெடுத்தார். அதைச் சொல்லிவிட்டு நிறுத்தாமல் செய்து காட்டினார். இம்மூன்றிலும் நடுவிலுள்ளதே மிகவும் அரியது. ஒருவர் புதிதாகப் பேச வந்தால், அவரிடத்தில் பத்துக் குறைகள் இருக்கும். கூர்மையுடைய மதிப்பீட்டாளர் பத்தையும் காண்பார். கண்டதையெல்லாம் சொல்லிவிட்டால், கேட்டவர் எதையும் திருத்திக்கொள்ளாமல் திகைத்துப்போவார். பத்தில் எது திருந்தினால் மற்றவை தாமே தளரும் என்று அறிந்து, அதை மட்டும் சொல்லி, மீதியை அடுத்த கூட்டத்துக்கென்று தம் மனத்திலே வைத்துக்கொள்பவரே நல்ல மதிப்பீட்டாளர்.

இதற்கு இம்மன்றத்திலேயே நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரியும் சகோதரி ஒருவர், கிராமத்தாரிடம் தடுப்பூசியைப் பற்றி எடுத்துச் சொல்லவேண்டிய கடமை தமக்கு இருப்பதால், பேசப் பழகும்பொருட்டு இங்கு வந்து சேர்ந்தார். முதற்பேச்சை அவர் காகிதத்திலே முழுவதும் எழுதிக்கொண்டு வந்து, தலை நிமிராமல் படித்தார், குரலும் தணிந்திருந்தது, பின்வரிசைக்குப் பாதிதான் எட்டிற்று. ஓரிடத்தில் மாத்திரம், பேரனுக்கு ஊசி போடவே கூடாது என்று கதவைச் சார்த்திக்கொண்ட ஒரு பாட்டியைப் பற்றியும், மறுவாரம் அதே பாட்டி பேரனைத் தாமே தூக்கிக்கொண்டு வந்ததைப் பற்றியும் சொல்லும்போது, அவர் தலை நிமிர்ந்தது. அன்று மதிப்பிட எழுந்தவர், துணிக்கடையில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற முதியவர், அதிகம் படித்தவரல்லர். அவர் சொன்னது ஏறத்தாழ இதுதான்: ‘அம்மா, அந்தப் பாட்டியின் கதையை நீங்கள் சொன்னபோது உங்கள் கை காகிதத்தை விட்டிருந்தது. அந்த ஒரு நிமிஷமும் பின்வரிசையிலிருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அடுத்த முறை, நீங்கள் கண்ணால் கண்ட ஒன்றை முதலில் காகிதமில்லாமல் சொல்லுங்கள். அதன்பிறகு வேண்டுமானால் காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.’ அவ்வளவே. குரல் தணிந்தது என்றோ, தலை குனிந்தது என்றோ அவர் கூறவில்லை. ஆனால் குரலும் தலையும் எந்த இடத்தில் தாமாகவே நிமிர்ந்தன என்று காட்டிவிட்டார். அடுத்த முறை பேசியபோது அச்சகோதரி காகிதத்தை எடுக்கவே இல்லை. அவருடைய முகத்தைக் கண்ட எவருக்கும், மூன்று நிமிஷத்துக்குள் அடங்கிய அந்த உரையின் மதிப்பு விளங்கியிருக்கும்.

இனி நம்மிடையே காணப்படும் பிழைகளையும் மனம்விட்டுச் சொல்லவேண்டும். புகழ்ச்சியை மட்டுமே கூறும் மதிப்புரை அவற்றுள் முதலாவது. ‘அருமை’, ‘பிரமாதம்’, ‘இதில் குறை காண எனக்குத் தகுதியில்லை’ என்று சொல்லி அமர்ந்துவிடுவதைச் சிலர் பணிவு என்று கருதுகின்றனர். இரண்டு வாரம் உழைத்து, இரவு உறக்கம் கெட்டு, படபடக்கும் நெஞ்சோடு மேடைக்கு வந்த ஒருவர் நம்மிடம் எதிர்பார்ப்பது நம் செவியை. அதைக் கொடாமல் ஓர் அடைமொழியைக் கொடுத்து அனுப்புவது அவருடைய உழைப்பை மதியாமையே ஆகும். புகழுவதானாலும், எந்த வாக்கியம், எந்த நிறுத்தம், எந்த உதாரணம் நம்மைத் தொட்டது என்று இடஞ்சுட்டிப் புகழவேண்டும்; இடஞ்சுட்டாத புகழை வைத்துக்கொண்டு யாரும் எதையும் மறுபடி செய்யமுடியாது.

இரண்டாவது பிழை கொடியது. பேச்சை மதிப்பிட எழுந்தவர் தம்முடைய புலமையை வெளிப்படுத்தும் சந்தர்ப்பமாக அதை மாற்றிக்கொள்வதும், பேசியவருடைய உச்சரிப்பையோ ஊர்வழக்கையோ இகழ்வதும் அது. கொங்கு நாட்டார் ஒருவரோ, குமரி மாவட்டத்தார் ஒருவரோ தம் ஊர்ச் சொற்களோடு பேசினால், அது குறையன்று. கேட்டவர்க்கு ஒரு சொல் விளங்காவிடின், விளங்கவில்லை என்று கூறலாம். அந்த ஊரைப் பற்றிக் கூற ஒன்றுமில்லை. மதிப்பீட்டாளர் நியாயாதிபதி அல்லர், கேட்டவருள் ஒருவர். ‘எனக்கு இப்படிப் பட்டது’ என்று தொடங்குகின்ற வாக்கியத்தை எவராலும் மறுக்க இயலாது. ‘இது இப்படித்தான் இருக்கவேண்டும்’ என்று தொடங்குகின்ற வாக்கியமோ உடனே ஒரு வழக்கை உண்டாக்கிவிடும்.

முதலில் ஒரு புகழ், நடுவில் ஒரு குறை, முடிவில் மீண்டும் ஒரு புகழ் என்று அடுக்கிச் சொல்லும் வழக்கமும் பயிற்சி நூல்களால் பரவியிருக்கிறது. புதியவர்களுக்கு அது ஒரு கைத்தடியாக உதவலாம். ஆயினும் நாளடைவில், முதற்புகழைக் கேட்டவுடனே பேச்சாளர் நடுக்குறைக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறார். புகழ் தன் பொருளை இழந்துவிடுகிறது. ஆகையால் பழகியவர்கள் இதை விட்டுவிடவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மதிப்புரையைப் பெறுவதற்கும் ஒரு முறை உண்டு. பெறுபவர் மறுமொழி கூறலாகாது. ‘நேற்று உடம்பு சரியில்லை’, ‘நான் கருதியது வேறு’ என்று சமாதானம் சொல்லத் தொடங்கினால், சொன்னவர் அடுத்த முறை சொல்லத் தயங்குவார். குறித்துக்கொள்ளவேண்டும், நன்றி கூறவேண்டும், வீட்டுக்குச் சென்று, ஏற்பதை ஏற்று, ஏலாததைத் தள்ளவேண்டும். தள்ளுவதற்கும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் கேட்டு முடித்தபின்தான் அந்த உரிமை பிறக்கிறது.

மறுமொழியை அடக்கிக் கேட்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. பெஞ்சமின் பிராங்கிளின் பிலடெல்பியா நகரில், 1727ஆம் ஆண்டில், வெள்ளிக்கிழமை மாலைதோறும் கூடும் ஒரு சிறு சங்கத்தை அமைத்து, அதற்கு ‘ஜுன்டோ’ என்று பெயரிட்டார். உறுப்பினர் ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாம் எழுதிய கட்டுரை ஒன்றைப் படிக்கவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. அங்கே தம் கருத்தே முடிந்த முடிபு என்னும் தோரணையில் பேசுவதும், பிறரை நேருக்கு நேர் மறுத்துரைப்பதும் நாளடைவில் விலக்கப்பட்டு, மீறியவர்க்குச் சிறு அபராதம் விதிக்கப்பட்டதாகத் தம் சுயசரிதையில் அவர் எழுதியுள்ளார். அபராதம் விதிக்கவேண்டிய அளவுக்கு அந்தப் பழக்கம் மனிதரிடத்தில் ஆழமாக ஊன்றியிருந்தது. அதை அகற்றினாலன்றி ஒருவர் சொல்லை ஒருவர் கேட்க இயலாது என்பதை அவ்விளைஞர்கள் கண்டுகொண்டனர். அச்சங்கத்தின் கூட்டுறவிலிருந்துதான் சில ஆண்டுகளில், சந்தா செலுத்தி நூல்களைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு நூலகம் 1731இல் பிறந்தது. ஒரு நூலகத்தின் மாடியில் நின்று இதைச் சொல்லுவதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு.

பேச்சுப் பயிற்சி யாருக்கு, எதற்கு என்னும் வினாவையும் நான் தொடாமல் விடமுடியாது. உத்தியோகத்தில் உயர்வு பெறவும், நேர்முகத் தேர்வில் தேறவும் இது பயன்படும் என்று விளம்பரம் செய்யப்படுகிறது, அது பொய்யன்று. ஆயினும் அதைவிடப் பெரிய பிரயோஜனம் ஒன்று உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் நம் கிராமங்களில் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் அங்கு உறுப்பினர். எழுந்து கேட்க உரிமையுடையவர். அந்த உரிமையை உபயோகிப்பவர் எத்தனை பேர்? குடிநீர்க் குழாய் பழுதுபட்ட தெருவில் வசிக்கும் தாய்மார்கள் அக்குறையைத் தங்களுக்குள் நாள்தோறும் தெளிவாகப் பேசுகின்றனர். சபையில் எழுந்து நின்றவுடன் நா எழுவதில்லை. அவ்வாறே, பேசப் பழகியவர்கள் சிலர் எழுந்தால், மற்றவர் சொல்லைக் கேட்பதில்லை. குரல் உயர்ந்தவர் பேச்சே தீர்மானமாகிவிடுகிறது.

திருக்குறளில் கேள்வி என்னும் அதிகாரம் 42ஆவதாக, அரசனுக்கு உரிய இயல்பைக் கூறும் பகுதியில் அமைந்திருக்கிறது. சொல்வன்மை 65ஆவதாக, அமைச்சனுக்கு உரிய பகுதியில் அமைந்திருக்கிறது. அப்பகுதியின் இறுதியில் குறிப்பறிதல், அவையறிதல், அவையஞ்சாமை என்று மூன்று அதிகாரங்கள் தொடர்ந்து வருகின்றன. எதிரிலிருப்பவர் முகக்குறிப்பை அறிவதும், அவையின் தன்மையை அறிவதும் முன்னே நிற்க, அஞ்சாமை அவற்றின் பின்னே வருகிறது. மேடைப் பயத்தைப் போக்கிக்கொள்ளவேண்டும் என்று வருபவர்கள் இவ்வரிசையைச் சிந்திக்கவேண்டும். எதிரே இருப்பவரைக் கவனிக்கத் தொடங்கினவனுக்குத் தன்னைப் பற்றிய நினைவு குறைகிறது. தன்னைப் பற்றிய நினைவு குறையக் குறையப் பயமும் குறைகிறது. முடியாட்சியில் கேட்பது அரசன் கடமை, சொல்வது அமைச்சன் கடமை என்று பிரிந்து கிடந்தவை, குடியாட்சியில் ஒவ்வொரு பிரஜையின்மீதும் ஒருங்கே வந்து விழுந்திருக்கின்றன. சொல்லும் கடமைக்குப் பயிற்சி தருகின்ற இடங்கள் நம் நாட்டில் உண்டு. கேட்கும் கடமைக்குப் பயிற்சி தருவதற்கு இத்தகைய சிறு மன்றங்களைத் தவிர வேறு இடம் எனக்குத் தென்படவில்லை.

இவ்வாண்டில் இம்மன்றத்தில் பேச முன்வந்தவர்களுக்குக் குறைவில்லை. பேச்சாளர் பட்டியல் பல வாரங்களுக்கு முன்னரே நிரம்பிவிடுவதைக் காண்கிறேன். மதிப்பீட்டாளர் பட்டியலோ கூட்டத்தன்று மாலைவரை வெறுமையாக இருந்து, செயலாளர் ஒவ்வொருவரையும் வேண்டி வேண்டி நிரப்பவேண்டியதாகிறது. மூன்று நிமிஷம் பேசுவதற்காக ஏழு நிமிஷம் அசையாமல் கேட்கவேண்டும், குறிப்பெடுக்கவேண்டும், பேசியவர் மனம் நோகாமலும் உண்மை குறையாமலும் சொல்லவேண்டும் என்னும் பாரம் அதில் இருப்பதை அறிவேன். அந்தப் பாரத்தைச் சுமந்தவர்களே இங்கு நன்றாகப் பேசுகிறார்கள் என்பதையும் கண்டிருக்கிறேன். பிறருடைய பேச்சைப் பகுத்தறியப் பழகிய செவி, தன் பேச்சை எழுதும்போதும் உடனிருந்து திருத்துகிறது.

ஆதலால் உறுப்பினர்களிடத்தில் ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். அடுத்த கூட்டத்துக்குரிய பட்டியல் வாயிலருகே மேசைமீது வைக்கப்பட்டிருக்கிறது. பேச்சாளர்களுக்குரிய மூன்று இடங்களும் நிரம்பிவிட்டன. மதிப்பீட்டாளர்களுக்குரிய மூன்று இடங்களில் இரண்டு இன்னும் வெறுமையாக உள்ளன. இதுவரை ஒருமுறையேனும் மதிப்புரை சொல்லாதவர்கள், படியிறங்குமுன் அவ்விரண்டு இடங்களிலும் தங்கள் பெயரை எழுதிவிட்டுச் செல்லவேண்டுகிறேன்.